ஜன்னல் வழியே போன ரெக்கார்டு நோட்டு

மூன்றாவது ஜன்னல், இடது பக்கம். பையின் கைப்பிடியைச் சுருட்டிப் பிடித்து, இரண்டு எட்டு பின்னால் போய், ஒரே வீச்சு. உள்ளே சீட்டில் தொப்பென்று விழுந்த சத்தம் கேட்டது. அப்பாடா, இடம் பிடித்தாயிற்று.

அன்றைக்குக் காலை ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் எதிரே நிற்பவர் முகம் தெரியாத அளவுக்குப் பனி. முந்தின வாரம் பெய்த கோடை மழைக்குக் காப்பிச் செடியெல்லாம் பூத்து, ஊரே மல்லிகைப்பூ விற்கிற இடம் மாதிரி மணத்துக்கொண்டிருந்தது. நான் எங்கே அதை மோந்தேன்? பத்து மணிக்குச் சேலத்தில் எனக்குக் கடைசி பிராக்டிகல் பரீட்சை. வாய்க்குள் ஜாவா புரோகிராமை முணுமுணுத்துக்கொண்டு டீக்கடைப் பக்கம் ஒதுங்கினேன்.

ஜிப்பா போட்ட வெளியூர்க்காரர் ஒருவர் பஸ்ஸின் முன்னால் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "ஏம்மா, சேலம் போகணும். இதுல கொட்டச்சேடுன்னு போட்டிருக்கே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது கெடக்குதுங்க. நீங்க ஏறுங்க, இது சேலந்தான்" என்றேன். அவரும் நம்பி ஏறினார். பாவம்.

நான் ஒரு டீயை ஊதி ஊதிக் குடித்து முடிப்பதற்குள் அந்த பஸ் உறுமிக்கொண்டு பின்னால் வந்தது, வளைத்தது, சேலம் ரோட்டுக்கு நேர் எதிர்ப் பக்கம் திரும்பிக் கொட்டச்சேட்டுக்குக் கிளம்பிப் போயே போய்விட்டது. உள்ளே ஜிப்பாக்காரர். மூன்றாவது ஜன்னலோரம் என் பை. பைக்குள் என் ரெக்கார்டு நோட்டு.

"ஏனுங்கண்ணா! நிறுத்துங்கண்ணா! என் பையி!"

பனிக்குள்ளிருந்து ஹாரன் சத்தம் மட்டும் பதிலாக வந்தது.

போர்டைப் படிக்காத பட்டதாரி

இப்படி ஒரு கிறுக்குத்தனத்தை எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும்தான் செய்ய முடியும். வெளியூர்க்காரர் என்றால் போர்டைப் படித்துவிட்டு ஏறுவார். எங்களுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. பஸ்ஸை முகம் பார்த்துத்தான் அடையாளம் வைத்திருப்போம். ஏழு மணி சேலம் பஸ் என்றால் முன் பம்பர் இடது பக்கம் ஒடுங்கியிருக்கும், கண்ணாடிக்கு மேலே மஞ்சள் பிளாஸ்டிக் மாலை தொங்கும், டீக்கடையை ஒட்டி நிற்கும். இதற்கு மேல் என்ன வேண்டும்?

அன்றைக்குப் பார்த்து கொட்டச்சேடு பஸ் வழியில் படுத்துக்கொண்டதாம். ஒடுங்கின பம்பரை அங்கே அனுப்பிவிட்டு, சேலத்துக்கு வேறு வண்டி போட்டிருக்கிறார்கள். போர்டையும் ஒழுங்காக மாற்றியிருக்கிறார்கள். மூன்று வருஷம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த மகராசி அதைப் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

இடம் போடுவது எங்களுக்கு ஒரு கலை. கைக்குட்டை, துண்டு, தூக்குவாளி என்று எது கையில் இருக்கிறதோ அது ஜன்னல் வழியே உள்ளே போகும். கரடியூர்க்காரர் ஒருவர் பலாப்பழத்தை வைத்து இரண்டு சீட் பிடித்ததை நானே பார்த்திருக்கிறேன். ஒன்று அவருக்கு, இன்னொன்று பலாப்பழத்துக்கு. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொருள் வைத்த சீட்டில் உட்காருவது எங்கள் மலையில் திருட்டுக்குச் சமம்.

ஒரு பட்டத்துக்கு என்னென்ன வேண்டும்

இந்தத் தொடரைப் படிக்கிற ஆத்தூர்ப் பெண் ஒருத்தி போன வாரம் கடிதம் போட்டிருந்தாள். "அக்கா, பி.எஸ்ஸி கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் வாங்க என்னென்ன தேவை?" என்று கேட்டிருந்தாள். கம்ப்யூட்டர் என்று நினைத்திருப்பாய் கண்ணு. அது கடைசியில்தான் வருகிறது.

முதல் பாகம் தமிழ். செய்யுளில் தவறினால் உனக்குக் கம்ப்யூட்டர் பட்டம் கிடையாது. இரண்டாம் பாகம் இங்கிலீஷ். மூன்றாம் பாகத்தில்தான் நம் பாடமே எட்டிப் பார்க்கும். அதிலும் பாதி இடத்தைக் கணக்கு வந்து பிடித்துக்கொள்ளும். நான்காம் பாகத்தில் சுற்றுச்சூழலும் நன்னெறியும். இது போக எழுபத்தைந்து சதவீத வருகை. பஸ் பஞ்சரானாலும், மலையில் மரம் சாய்ந்தாலும், பாறை உருண்டாலும் எழுபத்தைந்து எழுபத்தைந்துதான்.

முதல் வருஷம் தமிழ்ப் புத்தகத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஒரே குஷி. "பரவால்ல, நல்ல படிப்பாத்தான் இருக்குது" என்றாள். என் அம்மா ஏரிக்கரையில் பஜ்ஜிக் கடை வைத்திருந்தாள். எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே அப்பா போய்விட்டதால் வீட்டுக்கு அவள்தான் எல்லாமும். ஆறாவது வரை படித்தவள். நான் என்ன படிக்கிறேன் என்று யாராவது கேட்டால், "ஆறு செமஸ்டருங்க" என்பாள். அவளுக்கு அது ஒரு நோயின் பெயர் மாதிரி பழகிப்போயிருந்தது.

எண்பது வளைவு

ஐந்தாம் பாகம் என்று ஒன்று இருக்கிறதே, அதைச் சொல்லாமல் விட்டால் என் வயிற்றெரிச்சல் அடங்காது. என்.எஸ்.எஸ். முகாம். அதற்கு ஒரே ஒரு கிரெடிட். ஆனால் அந்த ஒன்று இல்லாவிட்டால் மற்றதெல்லாம் இருந்தும் பட்டம் வராது.

எங்கள் வருஷம் முகாமைக் கரடியூரில் போட்டார்கள். வியூ பாயின்டில் டூரிஸ்ட்டுகள் வீசிவிட்டுப் போன பிளாஸ்டிக்கைப் பொறுக்க வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து கரடியூர் ஒரு கூப்பிடு தூரம் என்று வையுங்கள். "நான் நேரா அங்க வந்துடட்டுங்களா சார்?" என்று கேட்டேன். "வருகைப் பதிவு கல்லூரியில்தான்" என்றுவிட்டார் பொறுப்பாசிரியர்.

ஆக, விடிந்ததும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் போய் ஒரு கையெழுத்து. கல்லூரி பஸ்ஸில் அதே இருபதும் ஏறிக் கரடியூர். பொறுக்கி முடித்து மறுபடி இருபது இறங்கிச் சேலம், இன்னொரு கையெழுத்து. பிறகு வீட்டுக்கு இருபது. ஒரு கிரெடிட்டுக்கு ஒரு நாளைக்கு எண்பது வளைவு. இதை எழுதும்போதே எனக்குத் தலை சுற்றுகிறது.

இந்த ரெக்கார்டு இருக்கிறதே

எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்திருப்பது ரெக்கார்டு நோட்டு. லேபில் கம்ப்யூட்டரில் ஓட்டின அத்தனை புரோகிராமையும் பேனாவால் கையில் எழுத வேண்டும். தலைப்புக்குச் சிவப்பு மை. எதிர்ப் பக்கத்தில் அவுட்புட். ஒவ்வொரு பக்கத்திலும் ஆசிரியர் கையெழுத்து, முதல் பக்கத்துச் சான்றிதழில் எச்.ஓ.டி. என்கிற துறைத் தலைவர் கையெழுத்து. அது இல்லாமல் பிராக்டிகல் பரீட்சைக்கு உள்ளே விட மாட்டார்கள்.

சாயங்காலமானால் பஜ்ஜிக் கடைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எழுதுவேன். ஒருநாள் அம்மா எட்டிப் பார்த்து, "அந்தப் பொட்டியில அடிச்சா அதுவே எழுதிக்காதா கண்ணு?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நானும் ஆறு செமஸ்டராக அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நோட்டுதான் இப்போது கொட்டச்சேட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. சென்னையில் ஒரு கம்பெனி என்னை வேலைக்கு எடுத்திருந்தது. ஜூன் மாதம் சேர வேண்டும், ஒரு பாடம்கூட நிலுவை இருக்கக்கூடாது என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். இந்தப் பரீட்சை போனால் அடுத்தது ஆறு மாசம் கழித்துத்தான். வேலை எனக்காகக் காத்திருக்குமா?

அம்மாவுக்குப் போன் அடித்தேன். அழுகைக்கு நடுவே விஷயத்தைச் சொன்னேன்.

"நோட்டுதானே கண்ணு? வேற ஒன்னு வாங்கிக்கலாம்."

"அதுல மேடம் கையெழுத்து இருக்குதும்மா! அது இல்லீன்னா பரிச்ச எழுத உட மாட்டாங்க. வேலையும் போயிரும்."

கடலை மாவு கரைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அது நின்றது.

"அந்த பஸ்ஸு எப்பத் திரும்பும்?"

"ஒம்பதேகாலுக்கும்மா. அதுக்கப்புறம் நான் கெளம்புனா பரிச்சையே பாதி முடிஞ்சுரும்."

"நீ போ. நோட்டு வரும்."

"எப்படிம்மா வரும்?"

"போன்னு சொன்னா போயேன்!" என்று போனை வைத்துவிட்டாள்.

பெயருக்கு நேரே ஒரு கோடு

மாற்று வண்டியில் ஏறிச் சேலம் போய்ச் சேர்ந்தேன். லேப் வாசலில் எங்கள் எச்.ஓ.டி. மேடம் நின்றிருந்தார். கறாரானவர். கஞ்சி போட்ட காட்டன் புடவை, அதைவிட விறைப்பான முகம். நான் சொன்னதை முழுதாகக் கேட்டார்.

"பஸ் சீட்டுக்கு ரெக்கார்டைத் தூக்கிப் போட்டியா?"

"ஆமாங்க மேடம்."

"துண்டு, கர்ச்சீப் எதுவும் இல்லையா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கர்ச்சீப் கையிலேயே இருந்தது. அதை வைத்துத்தான் அழுகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பரீட்சை நடத்த வெளிக் கல்லூரியிலிருந்து வந்திருந்த எக்ஸ்டர்னல் நாமக்கல் பக்கத்துக்காரர். சஃபாரி சட்டை, மூக்கின் நுனியில் கண்ணாடி. அவர்தான் இரக்கப்பட்டார். "அந்தப் பொண்ணு புரோகிராம் எழுதட்டும் மேடம். ஒரு மணிக்கு பேட்ச் முடியறப்ப ரெக்கார்டு இந்த மேஜையில இருக்கணும். இல்லேன்னா ஆப்சென்ட்தான் போடுவேன், அப்புறம் என்கிட்ட அழக்கூடாது." பெயர்ப் பட்டியலில் 'கோமதி' என்ற என் பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தார்.

உட்கார்ந்தேன். வரிக்கு ஒரு தப்பு. திரை முழுக்கப் பிழைச் செய்திகள். ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தி, பதினொன்றரைக்கு அவுட்புட் வந்தது. வாசலைப் பார்த்தேன். யாரும் வரவில்லை.

"சும்மா எதுக்கு இருக்கணும்? வைவாவை முடிச்சுடலாம்" என்று எக்ஸ்டர்னல் வாய்மொழிக் கேள்விக்குக் கூப்பிட்டார். "டெட்லாக்னா என்ன? புத்தகத்துல இருக்கறது வேண்டாம், உன் வார்த்தையில சொல்லு."

என் வார்த்தை எல்லாம் அன்றைக்கு பஸ்ஸிலேயே இருந்தது. "சார், ஒருத்தி பையைப் போட்டு சீட் பிடிச்சு வெச்சிருக்கா. அவ பஸ்லயே இல்லை. ஆனா பை இருக்கறதால மத்தவங்களும் உக்கார முடியாம நிக்கறாங்க..."

அவர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார். "டெட்லாக்குக்கு ரெண்டு பேர் வேணும்மா. அவ சீட்டை இவ பிடிச்சிருக்கணும், இவ சீட்டை அவ பிடிச்சிருக்கணும், ரெண்டு பேரும் விடக்கூடாது. நீ சொல்றது டெட்லாக் இல்லை, வெறும் அடாவடி." பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பாதி மார்க் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

மணி பன்னிரண்டு. பன்னிரண்டே கால். மற்றவர்கள் ஒவ்வொருவராக ரெக்கார்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே போனார்கள். நான் அந்தப் பென்சில் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கால் கழுவோணுங்களா?

பன்னிரண்டரைக்கு வாசலில் ஒரு குரல். "ஏனுங்க சாமி, இங்க கால் கழுவிட்டு வரோணுங்களா?"

அம்மா. 'காலணிகளை வெளியே விடவும்' என்று லேப் கதவில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அட்டெண்டரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்னொரு கையில் என் பை. முழங்கையில் காய்ந்த கடலை மாவு. அவசரத்தில் புடவையைக்கூட மாற்றவில்லை.

"வேண்டாம்மா, அப்படியே வாங்க" என்றார் அட்டெண்டர்.

உள்ளே வந்தவள் என்னைப் பார்க்கவில்லை. நேராக மேஜைக்குப் போனாள், பையிலிருந்து நோட்டை எடுத்தாள், இரண்டு கையாலும் எக்ஸ்டர்னல் முன்னால் வைத்தாள். "நொம்ப லேட்டுங்களா சாமி? அந்த பஸ்ஸு பத்தரைக்குத்தான் திரும்புச்சு. கண்டக்டர்கிட்டக் குடுத்து உட்டிருக்கலாம். கையெழுத்தெல்லாம் இருக்குதுன்னு புள்ள சொல்லுச்சு. அதான் நானே எடுத்தாந்துட்டேன்."

"பை எப்படிம்மா கிடைச்சுது? யாரும் எடுக்கலையா?" அவருக்கே ஆச்சரியம்.

"எப்படிங்க எடுப்பாங்க? சீட்டுல போட்டிருக்குதுல்ல! போறப்பவும் வர்றப்பவும் பஸ்ஸு நெறைய எஸ்டேட்டு ஆளுங்க. அத்தன பேரும் நின்னுக்கிட்டு, இந்தப் பையி மட்டும் உக்காந்துக்கிட்டு கொட்டச்சேடு போயிட்டு வந்துருக்குது. ஆரோ எடம் போட்டிருக்காங்க, வந்துருவாங்கன்னு இருந்துருக்காங்க." பிறகு என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினாள். "ஒரு ஜிப்பாக்காரர் மட்டும் உன்னயத் திட்டிக்கிட்டே எறங்குனாரு. உன் அம்மாளுன்னு நான் சொல்லிக்கல."

எக்ஸ்டர்னல் சிரித்துக்கொண்டே பக்கங்களைப் புரட்டினார். ஒரு இடத்தில் நின்றார். மோந்து பார்த்தார். "என்னம்மா இது, பஜ்ஜி வாசம் வருது?"

எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. அம்மாவுக்கோ முகமெல்லாம் பெருமை. "நம்ம கடைங்க. ஏற்காடு வந்தா ஏரிக்கரைக்கு வாங்க சாமி, மொளகா பஜ்ஜி போட்டுத் தரேன்."

"வாழைக்காய் இல்லையா?" என்று கேட்டார் அவர். கேட்டுக்கொண்டே கையெழுத்தைப் போட்டார். பென்சில் கோட்டை அழித்தார். ரப்பர் தூளை ஊதிவிட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இப்ப உடம்பு தேவலைங்களா?

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். எச்.ஓ.டி. மேடம் எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "கோமதி அம்மாவா நீங்க? இப்ப உடம்பு தேவலைங்களா?"

இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பட்டத்துக்கான தேவைகளில் இன்னொன்றும் உண்டு. செமஸ்டருக்கு ஒருமுறை பெற்றோர் கூட்டம். மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் இஸ்திரி போட்ட சட்டையோடு வருவார்கள், அம்மாக்கள் கைப்பையோடு வருவார்கள். எண்ணெய் வாசத்தோடு அம்மா வந்து நிற்பதை நினைத்தாலே எனக்குக் கூச்சமாக இருக்கும். அதனால் ஆறு செமஸ்டரும் "அம்மாவுக்கு உடம்பு சரியில்லைங்க மேடம், மலை இறங்க முடியாது" என்றே சொல்லி வைத்திருந்தேன். கூட்டம் என்று ஒன்று நடப்பதே அம்மாவுக்குத் தெரியாது. வெட்கக்கேடுதான், வேறென்ன சொல்ல?

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு கண் சிமிட்டுகிற நேரம்தான். அந்த ஒரு பார்வையிலேயே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பது எனக்கும் புரிந்துவிட்டது.

"இப்பத் தேவலைங்க மேடம். மருந்து மாத்திக் குடுத்தாங்க" என்றாள். சொல்லிவிட்டு, முந்தானையை வாயில் வைத்து இரண்டு தரம் இருமினாள்.

"உடம்பைப் பாத்துக்குங்கம்மா. இவ்வளவு தூரம் எதுக்கு அலைஞ்சீங்க" என்றார் மேடம். அந்த விறைப்பான முகம் அன்றைக்கு இளகிப்போயிருந்தது. எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

திரும்புகிற பஸ்ஸில் இடம் காலியாகவே இருந்தது. ஜன்னலோரம் அம்மா, பக்கத்தில் நான். அடிவாரம் தாண்டியது. பஸ் வளைவு வளைவாக ஏறியது. இப்போது திட்டுவாள், அடுத்த வளைவில் திட்டுவாள் என்று காத்துக்கொண்டே இருந்தேன். அவள் பாட்டுக்கு முழங்கையில் காய்ந்திருந்த மாவை நகத்தால் சுரண்டிக்கொண்டு வந்தாள். பாதி மலை ஏறின பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஏங்கண்ணு, எனக்கு என்ன சீக்குன்னு சொல்லி வெச்சிருக்கே?"

"மூச்சிரைப்பும்மா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அட! அப்ப நான் இருமுனது சரியாத்தான் போச்சு." உண்மையாகவே நிம்மதிப்பட்டாள். கொஞ்ச நேரம் வெளியே பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, கடைக்கு எவ்வளவு மாவு வாங்க வேண்டும் என்று விசாரிக்கிற அதே குரலில் கேட்டாள்.

"பட்டம் குடுக்கற அன்னிக்கு நான் வரோணுமா, இல்ல சீக்கா இருக்கோணுமா? முன்னாடியே சொல்லிப்போடு கண்ணு. அதுக்குத் தக்கன கடைக்கு லீவு உடோணும்."

"வரோணும்மா" என்றேன். அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பஸ் என்றும் பாராமல் அழுதேன்.

கண்டக்டர் ஓடி வந்தார். "ஏனுங்கக்கா, புள்ளைக்கு வாந்தி வருதுங்களா? வண்டியை ஓரங்கட்டச் சொல்லட்டுங்களா?"

அம்மா என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். "அதெல்லாம் ஒன்னுமில்லீங்க. புள்ளைக்குப் படிப்பு முடிஞ்சுருச்சு."